கொடுக்கும் கையும் நடக்கும் காலும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"அறக்கட்டளைகளும் தொண்டர்களும் கூடிச் சமுதாயத்தை வலுப்படுத்துவது எவ்வாறு?" என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. பரந்த தலைப்பு. உலகில் உள்ள அறச்செயல்களை எல்லாம் எண்ணிச் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, உங்களுக்குப் பொறுமையும் இராது. ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பொருள் கொடுப்பவர் ஒருவர். அதை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பவர் இன்னொருவர். கொடுத்தவர் சென்ற பின்னும் அந்தப் பயன் ஊரில் நிலைத்திருக்கிறதே, அதற்குக் காரணம் யார்? இந்த வினாவுக்கு நம் கோவளத்திலும் நம் செங்கற்பட்டுச் சீமையிலும் கிடைக்கும் விடைகளையே நான் கூற விழைகிறேன்.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 2021-ஆம் ஆண்டில் கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய நாள்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது செய்தித்தாள்களில் கோவளத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. ஏறத்தாழ 14,300 பேர் வாழும் இவ்வூரில், தடுப்பூசி போடத் தக்க வயதினர் 6,400 பேர். இரண்டு மாத காலத்தில் ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தவர்களோ வெறும் 58 பேர் என்று எழுதினார்கள். நம் மக்கள் அறிவில்லாதவர்கள் என்று நகரத்தார் சிலர் ஏளனமும் செய்தனர். அது உண்மையன்று. அன்றாடம் உழைத்தால்தான் அன்றாடம் உணவு என்னும் நிலையில், ஊசி போட்டு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் அடுப்பு எரிவது எப்படி என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. வதந்திகள் அதன்மேல் எண்ணெய் ஊற்றின.

அந்நிலையில் எஸ்.டி.எஸ். அறக்கட்டளை, சிராஜ் அறக்கட்டளை, சி.என்.ராம்தாஸ் அறக்கட்டளை ஆகியவை ஒன்று கூடின. டான் பாஸ்கோ பள்ளியில் 1992-இல் படித்து வெளிவந்த பழைய மாணவர்கள் பொருளுதவி செய்தனர். ஊசி போட்டுக்கொள்வோர்க்கு ஒரு பொட்டலம் பிரியாணி. கைப்பேசிக்குக் கட்டண நிரப்பு. வாரந்தோறும் குலுக்கலில் மிக்ஸி, தங்கக் காசு, சேலை. முடிவில் பெரும்பரிசாகக் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், ஸ்கூட்டர் என்று அறிவித்தார்கள். இரண்டு மாதத்தில் 58 பேர் வந்த இடத்தில், மூன்றே நாளில் 345 பேர் வந்தார்கள்.

இதைக் கையூட்டு என்று பேசியவர்களை நான் அறிவேன். பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அழைப்பதா என்று 1950-களில் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பசித்தவனிடம் வெறும் அறிவுரையை நீட்டுவதினும் உணவுப் பொட்டலத்தை நீட்டுவது மேல் என்பது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியப் பணியில் உள்ள எனது முடிவு. ஆயினும் பிரியாணியே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு எவரும் அச்சம் தெளிவதில்லை. தெரிந்த முகம் ஒன்று வாசலில் வந்து நின்று, "அத்தை, நான் போட்டுக்கொண்டேன், ஒன்றும் ஆகவில்லை, வாருங்கள்" என்று கூப்பிட வேண்டும். பொருள் தந்தவர் யாராயினும், கூப்பிட்ட குரல் உள்ளூர்க் குரலாக இருந்தால்தான் கதவு திறக்கும்.

உணவைப் பற்றிப் பேசியதால் இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 1956-இல் காமராசர் காலத்தில் பரவத் தொடங்கிய மதிய உணவு, தொடக்கத்தில் ஊரார் தந்த அரிசியிலும் விறகிலும் காய்கறியிலும் நடந்தது என்பது இன்றைய இளைஞர் பலர்க்குத் தெரியாது. பின்னரே அரசு செலவில் பெரும்பங்கை ஏற்றது. அப்போதும் ஊராரின் பங்கு என்று ஒன்று இருந்தது. அன்றைய கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு அவர்கள் நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். அவர் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர் மக்களே பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் சீருடையும் பள்ளிக்கு வாரி வழங்கினர். அம்மாநாடுகளில் முதலாவது நடந்ததும் நம் பழைய மாவட்டத்தில் அடங்கியிருந்த கடம்பத்தூரில்தான். தான் கொடுத்த பெஞ்சில் தன் பிள்ளை அமர்கிறான் என்றால், அதன் கால் உடையும்போது ஊரான் தானே ஆணி தேடுவான். அரசு தந்த பெஞ்சுக்கு மனு எழுதுவான். இரண்டையும் என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன்.

இனி நம் சமுதாயத்தின் வரலாற்றுக்கு வருகிறேன்.

நமக்குப் பள்ளிக் கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில், 1894-ஆம் ஆண்டு அடையாற்றில் கர்னல் ஆல்காட் என்னும் அமெரிக்கர் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து சென்னையில் மேலும் சில பள்ளிகள் எழுந்தன. அயல்நாட்டிலிருந்து வந்த அவர் கொடுத்தார். நாம் வாங்கினோம் என்று மட்டும் இதனைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நான் அவ்வாறு முடிக்க மாட்டேன். பண்டிதர் அயோத்திதாசரைப் போன்ற நம் பெரியோர் அவரோடு உரையாடி, எங்கள் பிள்ளைகளுக்கு இன்னது வேண்டும் என்று எடுத்துரைக்கும் நிலையில் இருந்தார்கள். 1898-இல் ஆல்காட்டுடன் இலங்கைக்குச் சென்றவர்களில் பண்டிதரோடு பஞ்சமர் பள்ளித் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியாரும் ஒருவர். ஆம், நம்மவர் ஒருவர் அக்காலத்திலேயே தலைமையாசிரியர்! அந்த நாற்காலியின் வழியில் வந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு தனிப் பெருமிதம் உண்டு.

1907-இல் பண்டிதர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தாங்கியவர்கள் செல்வர்கள் அல்லர். கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் பாறை பிளந்த தொழிலாளர்கள், தம் கூலியிலிருந்து பிரித்துக் கொடுத்தார்கள். பண்டிதர் 1914-இல் மறைந்தார். இதழ் தடைப்பட்டது. ஆனால் 1926-இல் அதே தங்கவயலில் பண்டிதமணி ஜி.அப்பாதுரையார் அதனை மீண்டும் நடத்தினார். இடையில் 12 ஆண்டுகள் கழிந்த பின்னும் அது எழுந்ததற்குக் காரணம், அங்கே சங்கம் இருந்தது. கூடிப் பேசும் வழக்கம் இருந்தது.

நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனாரையும் இங்கு நினைக்க வேண்டும். 1893-இல் சென்னையில் கூட்டம் கூட்டி அவர் இலண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பம் 112 அடி நீளம். அதில் 3,412 கையொப்பங்கள். தொலைபேசியும் பேருந்தும் இல்லாத அந்நாளில், சேரி சேரியாகச் சென்று, எழுதத் தெரிந்தவரிடம் எழுத்தையும் தெரியாதவரிடம் அடையாளத்தையும் வாங்குவதற்கு எத்தனை பேர் நடந்திருக்க வேண்டும்! அவர்கள்தாம் நம் முதல் தொண்டர்கள்.

இவ்வளவும் பெருமை. அடுத்து நம் இழப்பையும் சொல்ல வேண்டும். அது இந்தக் கடற்கரையை ஒட்டியே நடந்தது.

1891-இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நம் துயரை அரசின் காதுக்குக் கொண்டு சென்றதில் ஆண்ட்ரூ, கௌடி முதலிய மிஷனரிமார்க்கும் பங்கு உண்டு. அவ்வறிக்கையின் விளைவாக 30-9-1892 நாளிட்ட 1010-ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதன்வழி வந்ததே. சென்னை மாகாணம் முழுவதும் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் நமக்கென ஒதுக்கப்பட்டதாகக் கூறுவர். முதல் 10 ஆண்டுகளுக்கு யார்க்கும் விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் நம்மவர்க்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. இதைவிடப் பெரிய கொடை ஒன்று நமக்கு வந்ததில்லை.

அந்த நிலம் இன்று எங்கே? பஞ்சத்துக்கு வாங்கிய நெல்லுக்கும், திருமணத்துக்கு வாங்கிய கடனுக்கும், கைநாட்டு வைத்த வெற்றுத்தாளுக்கும் போயிற்று. செல்லாத விற்பனையைச் செல்லும் என்று பதிவு செய்த அலுவலர்களும் இருந்தார்கள். ஏமாந்த நம் பாட்டன்மாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எழுத்தறியாதவனிடம் பத்திரத்தைக் கொடுத்து, அவன் அதைக் காப்பான் என்று எதிர்பார்த்த ஏற்பாட்டைத்தான் குறை சொல்வேன். நிலம் கொடுத்த கை இருந்தது. பட்டாவைப் படித்துச் சொல்ல, பதிவேட்டைப் பார்த்துவர, ஊருக்கு ஒரு சங்கம் இல்லை.

மாமல்லபுரத்துக்கு அருகே காரணையில் அந்நிலத்தை மீட்க மக்கள் எழுந்தார்கள். 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். 1892-இல் மையால் எழுதித் தரப்பட்டதை, நூறு ஆண்டு கழித்துக் கேட்கப்போனபோது இரத்தத்தால் விலை கேட்டார்கள். பஞ்சமி நிலத்தை மீட்கும் வழக்கும் போராட்டமும் தமிழகத்தில் இன்றும் ஓயவில்லை. இளைஞர்களே, உங்களில் எத்தனை பேர் உங்கள் கிராமத்து அ-பதிவேட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்?

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியபோது, கொடையாளர்க்குக் குறைவே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் வரிசையாக வந்தன. வண்டிகள் எங்கே நின்றன என்பதுதான் கேள்வி. படகும் வலையும் இழந்தவர்க்குக் கணக்கு இருந்தது. இருக்க வேண்டியதுதான், அவர்கள் இழப்பு பெரிது. ஆனால் உப்பளத்தில் கூலிக்குச் சென்றவன், மீன் சுமந்து விற்றவள், கரையில் எடுபிடி வேலை செய்தவன் ஆகியோர்க்கு இழந்ததாகக் காட்டப் படகில்லை. பாதிக்கப்பட்டோர் பட்டியலில் தலித் மக்கள் விடுபட்டதையும், முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும், முக்கியமாக நாகை மாவட்டத்து நிகழ்ச்சிகளை, பல ஆய்வறிக்கைகள் பதிவு செய்துள்ளன. கொடுத்தவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணம் உடையவர்கள் அல்லர். ஊர் தெரியாதவர் கையில் ஊர்ப் பட்டியல் இராது. முதலில் எதிர்ப்பட்டவர் சொன்ன பெயர்களையே எழுதிக்கொண்டு போவார்கள். நம் குடியிருப்பின் பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு சாலைக்கு ஓடிவர நம்மில் ஒருவன் வேண்டும்.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஓர் அமைப்பினர் புத்தகப் பைகள் கொண்டுவந்தனர். அவை ஆதிதிராவிட மாணவர்க்கு மட்டும் உரியவை. ஆதலால் அவர்கள் மட்டும் எழுந்து வெளியே வந்து வரிசையாக நிற்க வேண்டும், நிழற்படம் எடுக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் எழவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து மாலை வகுப்பு எடுக்க வந்துகொண்டிருந்த பெண் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், அங்கே நின்றிருந்தாள். அவள் வந்தவர்களிடம், "ஐயா, பைகளை என்னிடம் கொடுத்துவிடுங்கள். சாயங்காலம் வீட்டில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, பட்டியலை அனுப்பி வைக்கிறேன்" என்றாள். அவர்களுக்கு முகம் வாடிற்று; ஆனாலும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பட்டியலும் முறையாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் நிழற்படக்காரரை அழைத்து வரவில்லை. கொடுப்பவர்க்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அதையும் தொண்டரே செய்ய வேண்டும்.

கொடை எவ்வாறு உரிமையாக மாறலாம் என்பதற்கு, இங்கிருந்து தெற்கே சில கல் தொலைவில் வடநெம்மேலியில் ஒரு சான்று உண்டு. போய்ப் பாராதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். இருளர் பெருமக்கள் ஒரு காலத்தில் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றுப் பிழைத்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. தடை நியாயமானதே. ஆனால் அதன் சுமை விழுந்த இடம், தோலால் பணம் சேர்த்த வணிகன் வீடன்று; காட்டில் அலைந்த இருளனின் குடிசை.

அப்போது ரோமுலஸ் விட்டேக்கர் என்னும் பாம்பியல் அறிஞர் அவர்களுடைய தொழிலறிவைப் புதிய வழியில் பயன்படுத்த முயன்றார். பாம்பைக் கொல்ல வேண்டாம். நஞ்சை எடுத்துவிட்டு விட்டுவிடலாம். அந்நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள். நான்கு பாம்புகள்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஒவ்வொரு பாம்பையும் ஏறத்தாழ மூன்று வாரம் பானையில் வைத்திருந்து, நான்கு முறை நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடுவார்கள்.

அவர் இதனைத் தம் பெயரில் ஒரு நிறுவனமாக்கி இருளர்க்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று; இருளர்களே உறுப்பினர்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யும் நிறுவனங்கள் இச்சங்கத்தின் நஞ்சைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. ஆண்டுதோறும் பாம்பு பிடிக்க அரசு அனுமதி காலம் தாழ்ந்து வருவதும், அதனால் உறுப்பினர் தவிப்பதும் உண்டு. எல்லாம் இனிதே நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தவிக்கும்போது பேசுவதற்கு அவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரண்டு இருளர்கள் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். இருவரும் கல்லூரியைக் கண்டவர்கள் அல்லர். தம் அறிவுக்கு உரிய மதிப்பைக் கண்டவர்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியபோது முதலில் கையிலெடுத்த பணிகளில் ஒன்று சோலாப்பூரில் மாணவர் விடுதி நடத்தியது. பெரிய பேச்சாளர், பெரும் வழக்கறிஞர். ஆயினும் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடத்தின் அரிசிக் கணக்கு அவருக்குச் சிறிதாகப் படவில்லை.

இனி நம் கழகத்தைப் பற்றி. 25 ஆண்டுகளாக மாலை வகுப்பு நடக்கிறது. 2021-இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலைதோறும் பாடம் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தபோது, நம் திண்ணைகளில் நெடுநாளாக நடப்பதுதானே என்று மகிழ்ந்தேன். வகுப்பு நன்று. எனக்குள்ள கவலை வேறு. ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் வரும் பெற்றோரைப் பார்க்கிறேன். பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பான். கல்லூரியில் இடமும் கிடைத்திருக்கும். சாதிச் சான்று இராது; அல்லது வருமானச் சான்றின் நாள் கடந்திருக்கும்; அல்லது வங்கிக் கணக்கோடு ஆதார் எண் இணைந்திராது. வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய கல்வி உதவித்தொகை இந்த மூன்று தாள்களில் ஒன்றால் நின்றுபோகும். தகப்பன் கந்துவட்டிக்குப் போவான். பாட்டன் நிலத்தை இழந்ததும் ஒரு தாளால்தான்.

இதற்குப் பெருஞ்செல்வர் எவரும் வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு எழுதும் நம் பிள்ளைகள் அனைவரின் பெயரையும் ஒரு பேரேட்டில் எழுதி, எதிரே எந்தச் சான்று இருக்கிறது, எது இல்லை என்று குறித்து, இல்லாததை டிசம்பருக்குள் வாங்கித் தர, தெருவுக்கு இரண்டு பேர் போதும். இ-சேவை மையத்துக்கு உடன் சென்று வரத் தெரிந்தவர்களாக இருந்தால் சரி. பெண்கள் வந்தால் இன்னும் நன்று. வீட்டுக்குள் சென்று அலமாரியில் உள்ள தாள்களை எடுத்துப் பார்க்கும் உரிமை அவர்களுக்கே கிடைக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் பெற்றுள்ள நம் தாய்மார்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வரவேண்டும். வந்து கையெழுத்திட்டு மட்டும் செல்லாமல், எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பின் கையெழுத்திட வேண்டும். நான் தலைமையாசிரியர், எனக்கே இது சங்கடம் தரும். தரட்டும்.

நன்கொடை தருவோர் இவ்விழாவுக்கும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பொருளைக் கொண்டுவருமுன் கழகத்தின் தொண்டர்களிடம் எது தேவை என்று கேளுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வந்த கணிப்பொறிகளில் இரண்டு இன்னும் உறை பிரிக்கப்படாமல் இருக்கின்றன. அவற்றைப் பொருத்த மின்இணைப்பு இல்லை. அப்போதே கேட்டிருந்தால் மின்கம்பி வேண்டும் என்று சொல்லியிருப்போம்.

நான் சொன்ன பேரேடு ஒன்றை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். மேடைக்கு வலப்புறம் மேசைமீது உள்ளது. நம் பள்ளியில் இவ்வாண்டு பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் பெயர்களை முதல் மூன்று பக்கங்களில் எழுதியிருக்கிறேன். வேறு பள்ளிகளில் படிப்போர் பெயரை நீங்கள்தாம் சேர்க்க வேண்டும். எந்தத் தெருவுக்கு யார் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன். நாடகம் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் வந்து எழுதுங்கள்.